கொழுத்த சாட்சி

அத்தியாயம் 6

பகல் ஒரு மணிக்கு வந்த போன், மூன்று நாளாகத் துரத்திக்கொண்டிருந்த ஒரே துப்பை மூன்றே வார்த்தையில் கொன்றுபோட்டது.

"பவுடர்ல கலப்படம் இல்லை."

துப்பறிவாளர் "சரி" என்று சொல்லி போனை வைத்தார். ஏமாற்றம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. மனைவி இறந்து நாலு மாதமாகிறது. அன்றிலிருந்து அவருக்கு எதுவுமே வருவதில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம்போல, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. கிள்ளினால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"என்ன அத்தான், யார் செத்தா?" என்றாள் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த உதவியாளர். அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகி, ஆபீசிலும் அதுவே நின்றுவிட்டது. அக்கா போன பிறகு சின்னவள் பேசுவது இரட்டிப்பாகியிருந்தது. அவர் பேசாமல்விட்ட பங்கையும் சேர்த்துத் தானே பேசித் தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டாள்போல.

"நம்ம கேஸ் செத்துப்போச்சு."

"எப்போ எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு. விசாரணைக் கமிட்டி முன்னாடி."

கேஸ் இதுதான். வைரஸ் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் இயக்குநர், ஒரு மருந்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பத்து மாதமாக மாலை வாங்கிக்கொண்டிருந்தார். மருந்து வைரஸைத் தொடுவதே இல்லை. வைரஸ் குடியேறும் செல்லுக்குள் கொழுப்புத் தயாரிக்கும் ஓர் என்சைம் இருக்கிறது, அதை நிறுத்திவிடும். வைரஸ் வெறுங்கையோடு வரும் விருந்தாளி. வீட்டுக்காரரின் அடுப்பில் சமைத்து, வீட்டுக்காரரின் பாத்திரத்தில் தின்று, கிளம்பும்போது வீட்டுக்காரரின் கொழுப்பிலேயே ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அடுப்பை அணைத்துவிட்டால் கொழுப்பு இல்லை. கொழுப்பு இல்லையென்றால் சட்டை இல்லை. சட்டை இல்லாத வைரஸ் வாசல் தாண்டாது. முதல் சோதனையில் அப்படியேதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு செய்த நாலு சோதனையிலும் வைரஸ் சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, ஊர்வலமாகக் கிளம்பிவிட்டது.

தன் மருந்து தோற்கும் என்பது இயக்குநரின் கற்பனைக்கு எட்டாத விஷயம். ஆகவே இது சதி. யாரோ மருந்துப் பவுடரை எடுத்துவிட்டு வேறு எதையோ வைத்துவிட்டார்கள். பவுடர் இருந்த ஃப்ரிட்ஜின் தாளில் ஒரே ஒருவருடைய கையெழுத்துதான் இருந்தது: செல்களுக்குத் தீனி போட்டு வளர்க்கும் டெக்னீஷியன். பதினோரு வருட சர்வீஸ். கண்ணாடிப் பெட்டிகளில் லட்சக்கணக்கான செல்களை வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுப் பராமரிப்பதால், கூடத்தில் அவளுக்கு வார்டன் என்று பெயர். இன்று நாலு மணிக்கு வார்டனைச் சதிகாரி என்று எழுதி வெளியே அனுப்புவதாக ஏற்பாடு. அப்படி எழுதப்பட்ட பிறகு வேறெந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் பாட்டில் கழுவக்கூட விடமாட்டார்கள். திங்கட்கிழமை அதே மருந்தை எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. அன்றோடு அவர்களுக்கு வழக்கமான மருந்து நிறுத்தப்படும்.

இப்போது பவுடர் அசல் பவுடர்தான் என்று, அதைச் சோதித்த வெளி ஆராய்ச்சிக்கூடம் சொல்லிவிட்டது.

"அப்போ வார்டன் தப்பிச்சா. நாம வீட்டுக்குப் போலாம்" என்றாள் சின்னவள்.

"இயக்குநர்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

"ரொட்டிய முடிச்சுக்கறேன். அவர் பேசறத வெறும் வயித்துல கேக்க முடியாது."

இயக்குநர் அறையில் ஒரு நாற்காலி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு அங்குலம் உயரம். அது யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. எதிரே உட்காருகிறவர்கள் அறிவியலைத் தானாகவே அண்ணாந்து பார்க்கவேண்டியதாகிவிடும்.

சேதியைக் கேட்டு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். மேடைகளில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் கைதட்டுவார்கள். பழக்கதோஷத்தில் ஒரு கணம் காத்திருந்தார்.

"சதி என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துபவன் அல்லன்."

"காலையிலேர்ந்து ஒம்பது தடவைதான் ஆச்சு" என்று சின்னவள் துப்பறிவாளரின் காதருகே கணக்கு ஒப்பித்தாள்.

"சதி நடந்திருக்கிறது. அது எவ்வாறு நடந்தது என்பதை மட்டுமே உங்களிடம் கேட்டேன். நடந்ததா என்று நான் கேட்கவில்லை."

"பவுடர் அசல் சார்."

"அப்படியானால் சதி இன்னும் ஆழமானது."

இயக்குநரின் தலைக்கு மேலே, மற்றவர்கள் சாமி படமோ தாத்தா படமோ மாட்டும் இடத்தில், ஆளுயரத்துக்குச் சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் எடுத்த செல்களின் படம். அந்த முதல் வெற்றிச் சோதனை. பார்வையை எங்கேயாவது வைக்கவேண்டுமே என்று துப்பறிவாளர் அதில் வைத்திருந்தார். சின்னவள் கையில் கேஸ் ஃபைல். அதில் தோற்றுப்போன சோதனையின் படம். அவள் அதைத் தூக்கிச் சுவரிலிருந்த படத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி, கல்யாணத்துக்குப் பின்னாடி" என்றாள்.

"என்ன?"

"பாருங்க அத்தான். சுவத்துல இருக்கறதுங்க கம்பி மாதிரி இருக்கு. நம்ம ஃபைல்ல இருக்கறதுங்களுக்குத் தொப்பை. அதே குடும்பம்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

இயக்குநர் அவளை முதல் தடவையாகப் பார்த்தார். நாற்காலி பேசியதுபோலப் பார்த்தார்.

துப்பறிவாளர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். சுவர்ப்படத்து செல்கள் நீளநீளமாக, வற்றலாக இருந்தன. ஃபைலில் இருந்தவை உருண்டு, உள்ளுக்குள் மணிமணியாக எதுவோ மின்ன, செழிப்பாக இருந்தன.

"இந்த மணியெல்லாம் என்ன சார்?"

"கொழுப்புத் துளிகள். ஆரோக்கியத்தின் அடையாளம். நான் வெளிநாட்டுச் சொற்பொழிவுப் பயணம் முடிந்து திரும்பியதும் முதல்தரச் சீரம் தருவித்தேன். சீரம் என்றால் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிநீர். செல்களுக்கு அதுதான் ஊட்டம். என் கூடத்தில் செல்கள்கூட இரண்டாம் தரத்தை உண்பதில்லை."

"அதுக்கு முன்னாடி?"

"முன்பும் பின்பும் தீனிநீரில் பத்து சதவீதம் சீரம்தான். பதிவேட்டைப் பாருங்கள். ஒருநாள்கூடப் பிசகியதில்லை. என் நேரடி மேற்பார்வை."

வெளியே தாழ்வாரத்தில் வந்ததும் துப்பறிவாளர் நின்றார். சின்னவள் இரண்டடி முன்னே போய்த் திரும்பி வந்தாள்.

"என்ன அத்தான், கால் மரத்துப்போச்சா?"

"அந்த மருந்தோட வேலை என்ன?"

"கொழுப்பு செய்யற அடுப்ப அணைக்கறது."

"பவுடர் அசல். அப்போ அடுப்பு அணைஞ்சிருக்கு. அணைஞ்ச வீட்டுல இவ்வளவு கொழுப்பு எப்படி வந்தது?"

சின்னவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது வாய் மூடியிருக்கும். அதனால் யோசிக்கிறாள் என்று உடனே தெரிந்துவிடும்.

"நம்ம வீட்டுல அடுப்பு எரியாதப்போ என்ன பண்றோம்?" என்றாள் கடைசியில். "நாலு மாசமா வெளியிலதான் வாங்கிச் சாப்பிடறோம்."

அவர் தலையசைத்தார். "சீரத்துல ரெடிமேடா கொழுப்பு இருக்கு. செல் அத எடுத்துக்குது. வைரஸுக்குச் சட்டை தைக்க வெளித்துணி வந்துடுச்சு. மருந்து வேலை செய்யுது, ஆனா எந்தப் பிரயோஜனமும் இல்ல."

"அப்போ முதல் தடவ மட்டும் வைரஸ் ஏன் அம்மணமா நின்னுச்சு? அப்பவும் பத்து சதவீதம்தானே?"

"பதிவேடு அப்படிச் சொல்லுது. செல்லு அப்படிச் சொல்லல."

"எது பொய் சொல்லும்?"

"செல்லுக்குப் பொய் சொல்ற அளவுக்கு விவரம் கிடையாது. வா, வார்டனப் பாக்கலாம்."

செல் அறை குளிராக இருக்கும் என்று நினைத்துப் போனால் கதகதப்பாக இருந்தது. மனித உடம்பின் சூட்டிலேயே வைக்கப்பட்ட பெட்டிகள் சுவரோரம் மெல்ல முனகின. கண்ணாடித் தட்டுகளில் சிவப்புத் தீனிநீர். வார்டன் கையுறையோடு உட்கார்ந்து, பழைய நீரை உறிஞ்சிப் புதியதை ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. நாலு மணிக்கு வேலை போகப்போகிறவளின் அவசரமோ அழுகையோ எதுவும் முகத்தில் இல்லை. துப்பறிவாளருக்கு அந்த முகம் தெரிந்த முகம். தினமும் ஷேவ் செய்யும்போது பார்க்கிற முகம்தான்.

"உக்காருங்க. எதையும் தொட்டுடாதீங்க" என்றாள்.

"பவுடர் அசல்னு வந்திடுச்சு. உங்க மேல இருந்த சதிப் புகார் நிக்காது."

வார்டன் ஒரு தட்டை முடித்து அடுத்ததை எடுத்தாள். "சரிங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் சின்னவள். "நாங்க ஆட்டோவுல வந்து சொல்றோம், ஒரு சந்தோஷம் காட்டக்கூடாதா?"

"காட்டணும்னுதான் பாக்கறேன் மா. வரல."

துப்பறிவாளர் பதிவேட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே அச்சு: 'சீரம் 10%'. அதற்குக் கீழே தேதி, தேதிக்கு எதிரே ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு டிக். பதினோரு வருடமும் இதே படிவம். எவ்வளவு ஊற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றினாயா என்று மட்டும்தான் கட்டம் கேட்டது.

"அந்த முதல் சோதனை நடந்தப்போ உங்க பசங்க ரொம்ப இளைச்சிருந்தாங்களே" என்றார். "என்ன போட்டீங்க?"

வார்டன் கையிலிருந்த ஊற்றுகுழாய் ஒரு தட்டின் மேல் அப்படியே நின்றது. துளி ஒன்று நுனியில் திரண்டு, விழாமல் தொங்கியது.

"ஒரு பாட்டில்தான் இருந்தது" என்றாள் வார்டன். "சீரம் வாங்க எழுதிப்போட்டு ரெண்டு மாசம். காகிதம் இயக்குநர் டேபிள்ல இருந்தது. அவர் வெளிநாட்டுல இருந்தார். பத்து பத்தா ஊத்தினா ஒரு வாரம் வரும். அப்புறம் எல்லாம் செத்துடும். பதினோரு வருஷமா வளத்த வம்சம். தண்ணி விட்டு ஓட்டினேன். ரெண்டு சதவீதம் இருக்கும். உயிர் மட்டும் நிக்கற அளவு."

"மெஸ்ல மோர்ல விடற மாதிரி" என்றாள் சின்னவள்.

"அதே கணக்குதான் மா. ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவதான் நானும்."

"சோதனை செஞ்ச ஆராய்ச்சி மாணவன்கிட்ட சொல்லலையா?" என்றார் துப்பறிவாளர்.

"சொன்னா சோதனைய நிறுத்தணும். அந்தப் பையனுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருந்தது, கிளம்பற அவசரம். தீனி என் வேலை, சோதனை அந்தப் பையன் வேலை. கட்டத்துல எப்பவும் போல டிக் போட்டேன். ரிசல்ட் நல்லா வந்ததும் மாலை, போட்டோ, பேப்பர்காரங்கன்னு ஆயிடுச்சு. அப்புறம் எங்கே சொல்றது? புதுச் சீரம் வந்ததும் சரியா பத்து ஊத்தினேன். ரூல்படி."

ஆக, ரூலை மீறியபோது மருந்து ஜெயித்தது. ரூல்படி நடந்தபோது தோற்றது. சதி என்று ஒன்று இருந்தால் அது ஒழுங்காக வேலை பார்த்ததுதான்.

துப்பறிவாளர் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் வரும் வழியில் எழுதிய நாலு வரி இருந்தது. மற்றது வெள்ளைத் தாள்.

"முதல் தாள்ல பவுடர் அசல், யாரும் மாத்தலன்னு இருக்கு. என்கிட்ட அவர் கேட்டது அது ஒண்ணுதான். அத மட்டும் குடுத்தா நீங்க இன்னைக்கே வீட்டுக்குப் போலாம். நாளைக்கு வேலைக்கும் வரலாம்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவத எழுதினா உங்க டிக் பொய்னு எழுதணும். அதுக்கு உங்களுக்கு என்ன வேணா வரும்."

"எழுதலைன்னா?"

"திங்கட்கிழமை எட்டு பேர்."

பெட்டிகள் முனகின.

"என் மக ரெண்டாவது வருஷம் படிக்கறா" என்றாள் வார்டன். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." புகாராகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க என்ன பண்ணுவீங்க?"

துப்பறிவாளர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். தனக்குள் பயம் இருக்கிறதா, இரக்கம் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"எனக்கு இப்போல்லாம் எதுவும் தெரியறதில்லைங்க" என்றார். "என்னைக் கேக்காதீங்க."

வார்டன் மீதித் தட்டுகளுக்கும் தீனி ஊற்றி முடித்து, கையுறையைக் கழற்றினாள்.

நாலு மணிக்கு கமிட்டி கூடியது. மூன்று பேர். தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். மற்ற இருவரில் ஒருவர் தலையாட்டுவதற்கு, இன்னொருவர் அதை வழிமொழிவதற்கு. இயக்குநர் தன் நாற்காலி இல்லாத அறையில் இரண்டு அங்குலம் குறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். அறிவியல், அர்ப்பணிப்பு, பாம்பு, பால் எல்லாம் வந்தன.

துப்பறிவாளர் முதல் தாளைக் கொடுத்தார். நீதிபதி அம்மாள் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பவுடர மாத்தலைன்னா சதி எங்கே இருக்கு?"

"ஆழத்தில்" என்றார் இயக்குநர்.

"ஆழத்துல நமக்கு அதிகாரம் இல்ல. புகார் தள்ளுபடி. நீங்க போலாம்மா."

வார்டன் எழுந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் மூன்றடியில் இருந்தது. துப்பறிவாளர் வெள்ளைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் வார்டன்.

சொன்னாள். இரண்டு சதவீதம், தண்ணி, டிக், எல்லாம். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலையாட்டுபவர் எப்போது ஆட்டுவது என்று தெரியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"புகார்தான் போயிடுச்சே" என்றார் நீதிபதி அம்மாள். "இத இப்போ எதுக்குச் சொல்றீங்க? உங்களுக்குத்தான் கஷ்டம்."

"என் செல்லுங்க பட்டினியா இருந்ததாலதான் மருந்து பலிச்சதுங்க. திங்கட்கிழமை அந்த எட்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடுவாங்க."

துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பை நீவி, எழுத ஆரம்பித்தார்.

முதலில் தேறியவர் இயக்குநர்தான். அப்படிப்பட்டவர்கள் தேறிவிடுவார்கள். "இது ஒரு மகத்தான திறப்பு" என்றார். "நோயாளிகளை உண்ணாநிலையில் வைத்து மருந்தைச் செலுத்தினால்..."

"முதல்ல நீங்க ரெண்டு மாசம் இருந்து காட்டுங்க. அப்புறம் யோசிப்போம்" என்றார் நீதிபதி அம்மாள். "திங்கட்கிழமை எதுவும் கிடையாது. பழைய மருந்தே தொடரட்டும்." மருந்தைப் பற்றி இயக்குநர் வெளியிட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் நகலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "செல் பராமரிப்பு முழுவதும் இயக்குநரின் நேரடி மேற்பார்வையில் நடந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தண்ணி ஊத்தறதப் பாத்துட்டுச் சும்மா இருந்தீங்களா, இல்ல ஊர்லயே இல்லையா? ரெண்டுல எத எழுதிக்கட்டும்?"

"மேற்பார்வை என்பது பரந்துபட்ட ஒரு சொல்..."

"எவ்வளவு பரந்தது? வெளிநாடு வரைக்குமா?"

சின்னவள் இருமினாள். நீண்ட இருமல்.

தீர்ப்பு பத்து நிமிடத்தில் எழுதப்பட்டது. பதிவேட்டில் பொய்க் குறி இட்டதற்காக வார்டனுக்கு இரண்டு மாதம் சம்பளமில்லாத் தற்காலிக நீக்கம். அதன்பின் அதே வேலை. கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். சுவர்ப்படத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை. வார்டன் கையெழுத்துப் போட்டாள். இரண்டு மாதம் என்பதை விரலில் எண்ணிப் பார்த்ததுபோல் இருந்தது. முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இந்த ரெண்டு மாசம் அதுங்களுக்கு யார் தீனி போடறது?" என்று தலையாட்டுபவர் கேட்டார். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம்.

நீதிபதி அம்மாள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை இயக்குநர் பக்கமாகத் திருப்பிவைத்தார். வழிமொழிபவர் வழிமொழிந்தார்.

இயக்குநர் வெகுநேரம் தன் கையெழுத்தையே பார்த்தார். பிறகு வார்டன் பக்கம் குனிந்து, மேடைக்கு வெளியே யாரும் கேட்டிராத சின்னக் குரலில், "எந்த பாட்டில்?" என்று கேட்டார்.

"எழுதி வச்சிட்டுப் போறேன் சார்" என்றாள் வார்டன். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. காலையில ஏழு மணிக்கு. ஞாயித்துக்கிழமையும் வரணும் சார். அதுங்களுக்கு அன்னைக்கும் பசிக்கும்."